அவரவர் ஸ்காட்லாந்து

பாரா தீவுக்குப் போகும் விமானத்துக்கு நேரம் குறித்துக் கொடுப்பது கடல். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் கிடக்கும் அந்தத் தீவில் தார் போட்ட ஓடுபாதை கிடையாது. கிளாஸ்கோவிலிருந்து வரும் சிறு விமானம் கடற்கரை மணலிலேயே இறங்குகிறது. ஓதம் ஏறினால் அந்த மணல்வெளி தண்ணீருக்குள் போய்விடும். அதனால் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே விமான அட்டவணையைப் போடுகிறார்கள்.

ஸ்காட்லாந்துக்குப் பயணத் திட்டம் வகுக்கிற எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அங்கே நேரத்தை முடிவு செய்வது நிலமும் கடலும்தான் என்பதே. வரைபடத்தில் பார்த்தால் சிறிய நாடு. பரப்பு சுமார் 78,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்று மேல். இரண்டு மூன்று நாளில் சுற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் வடமேற்கு மலைநாட்டில் பல சாலைகள் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே வண்டி வந்தால், ஆங்காங்கே விட்டிருக்கும் ஒதுங்குமிடத்தில் நிறுத்தி வழிவிட வேண்டும். ஆப்பிள்கிராஸ் என்ற கடலோரச் சிற்றூருக்கு ஏறும் 'பியலாக் நா பா' கணவாய்ச் சாலை, கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் உயரத்துக்குக் கொண்டைஊசி வளைவுகளாக வளைந்து ஏறுகிறது. அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில் பயனில்லை, மணிக்கணக்கில்தான் சொல்ல முடியும்.

எடின்பரோவிலிருந்து காலையில் கிளம்பி, கிளென்கோ பள்ளத்தாக்கு, லாக் நெஸ் ஏரி எல்லாம் காட்டி இரவு திரும்பும் ஒருநாள் பேருந்துச் சுற்றுலா பல ஆயிரம் பேருக்குப் பழக்கமானது. ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இருக்கையில் கழியும். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு வாரம், பத்து நாள் என்று ஒதுக்கி, பெருஞ்செலவு செய்து போகிற குடும்பம் அதே ஓட்டத்தைப் பத்து நாளுக்கு நீட்டிப் போவதுதான் வருத்தத்துக்குரியது.

கூட்டமாக ஓடிப் பார்க்கும் பயணம், ஆளுக்கேற்ப வகுக்கும் பயணம் இரண்டுமே அங்கே பழையவை. 1846-இல் தாமஸ் குக் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து சுமார் 350 பேரை ரயிலிலும் நீராவிக் கப்பலிலுமாக ஸ்காட்லாந்துக்கு அழைத்துப் போனார். கூட்டுச் சுற்றுலா என்ற தொழில் வளர்ந்த தொடக்க ஆண்டுகள் அவை. அதற்கு 73 ஆண்டுகள் முன்பே, 1773-இல், ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனை அவருடைய நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல் ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கு அழைத்துச் சென்றிருந்தார். ஜான்சன் அப்போது அறுபதைத் தாண்டியவர். இன்வெர்னஸுக்கு அப்பால் கோச்சு வண்டி போகும் சாலை இல்லாததால் குதிரை ஏறினார்கள். எந்த வீட்டில் தங்குவது, எந்தக் குலத்தலைவரைச் சந்திப்பது என்பதையெல்லாம் ஸ்காட்லாந்துக்காரரான பாஸ்வெல், தன் விருந்தாளியின் குணமறிந்து வகுத்தார். புயல் மறித்தபோது தீவிலேயே தங்கினார்கள். எடின்பரோவிலிருந்து கிளம்பித் திரும்ப 83 நாள் ஆயிற்று. இருவரும் தனித்தனியே நூல் எழுதினார்கள். இரண்டும் இன்றும் வாசிக்கப்படுகின்றன.

இன்று 'உங்களுக்கென்றே வகுத்த சுற்றுலா' என்று ஸ்காட்லாந்து நிறுவனங்கள் விற்பது பாஸ்வெல் செய்த அந்த வேலையைத்தான். பெரும்பாலும் ஓட்டுநரே வழிகாட்டி. ப்ளூ பேட்ஜ் எனப்படும் வழிகாட்டித் தகுதியைத் தேர்வெழுதிப் பெற்றவர்களும் இவர்களில் உண்டு. விஸ்கி வடிசாலைகளைப் பார்க்க விரும்புவோருக்கு இப்படியொருவர் உடன் வருவது அவசியமே. 2014 டிசம்பரில் ஸ்காட்லாந்து, வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் இருக்க அனுமதிக்கப்படும் மதுவின் அளவை 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைத்துவிட்டது. அத்தனை செலவு வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி: தங்குமிடங்களையும் கப்பல் சீட்டுகளையும் நிறுவனம் பதிவு செய்து தரும், வாடகைக் காரை நாமே ஓட்டிக்கொள்ளலாம். இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு 12 மாதம் வரை பிரிட்டனில் ஓட்ட அனுமதி உண்டு. நம் ஊரைப் போலவே இடப்பக்க ஓட்டம்தான்.

நல்ல திட்டம் எதைச் சேர்க்கிறது என்பதைவிட எதை விடுகிறது என்பதில்தான் தெரியும். 2015-இல் அறிமுகமான 'நார்த் கோஸ்ட் 500' வழித்தடம் இன்வெர்னஸில் தொடங்கி வடகரையைச் சுற்றி அங்கேயே முடிகிறது. நீளம் 516 மைல். புகழ் பரவப் பரவ, அந்த ஒடுக்கமான சாலைகளில் வீட்டு வண்டிகளும் பந்தய வேகக் கார்களும் பெருகி, ஊர்க்காரர்கள் சலித்துப் போயிருக்கிறார்கள். முழு வட்டத்தையும் நாலைந்து நாளில் முடிப்பதைச் சாதனையாக நினைப்பவர்கள் கண்ணாடி வழியே மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதில் கால்வாசியை எடுத்துக்கொண்டு, ஓர் ஊரில் மூன்று இரவு தங்குவது எவ்வளவோ மேல்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அவரவர் ஆசைதான் முடிவு செய்ய முடியும். இசைப் பிரியர் ஒருவர் ஓபன் துறைமுகத்துக்கு வந்தால் ஸ்டாஃபா தீவுக்குப் படகேற வேண்டும். எரிமலைக் குழம்பு ஆறி அறுகோணத் தூண்களாக நிற்கும் அங்குள்ள குகையை 1829-இல் பார்த்த இசையமைப்பாளர் மெண்டல்சன், ஹெப்ரிடீஸ் தீவுகளின் பெயரில் ஓர் இசைப்படைப்பை உருவாக்கினார். கடல் பொங்கினால் படகு கரை சேராது. ஆகவே மாற்றாக இன்னொரு நாளைக் காலியாக வைத்திருப்பது புத்திசாலித்தனம். ஹாரி பாட்டர் படம் பார்த்த பிள்ளைகளுக்கு, அதில் வரும் 21 வளைவுகள் கொண்ட கிளென்ஃபினன் பாலம். அதன் மேல் ஓடும் நீராவி ரயிலில் இடம் கிடைக்கவில்லையென்றால் கவலை வேண்டாம். ஃபோர்ட் வில்லியமிலிருந்து மாலெய்க் போகும் சாதாரண ரயிலும் அதே பாலத்தின் மேல்தான் போகிறது.

கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருபவர்கள் பலர் தங்கள் முன்னோரைத் தேடுகிறார்கள். 1746 ஏப்ரல் 16-ஆம் தேதி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோன கலோடன் போரில் மாண்டவர்களுக்கு, குலப்பெயர் பொறித்த கற்கள் அந்தப் பொட்டலில் நிற்கின்றன. ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலவுடைமையாளர்கள் குடிகளை விரட்டிய ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் இடிந்த சுவர்கள்தான் மிச்சம். குடும்பப் பெயரை முன்கூட்டியே சொன்னால், வழிகாட்டி பதிவேடுகளைப் பார்த்துவிட்டு முன்னோர் வாழ்ந்த ஊருக்கே கூட்டிப் போவார். பேருந்து அங்கெல்லாம் நிற்காது.

தமிழ்ப் பயணிக்கும் அப்படித் தேடிப் போக இடமிருக்கிறது. இன்வெர்னஸுக்கு வடக்கே அரைமணி நேரக் கார் தூரத்தில், எவன்டன் ஊருக்கு மேலே ஃபைரிஷ் என்ற குன்று. அதன் உச்சியில் கல் வளைவுகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அவை நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் வடிவம் என்கிறார்கள். 1781-இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகையைக் கைப்பற்றிய ஆங்கிலேயப் படையின் தளபதி ஹெக்டர் மன்றோவுக்குச் சொந்த ஊர் இது. வேலையின்றித் தவித்த ஊர்மக்களுக்குக் கூலி கிடைக்கவே அவர் இதைக் கட்டச் செய்தார் என்பதும், வேலை நாள் நீளட்டும் என்று மேலே ஏற்றிய கற்களைத் திரும்ப உருட்டிவிட்டார் என்பதும் ஊரில் வழங்கும் கதை. பைன் காட்டு வழியே நடந்து ஏறினால் கீழே கிராமர்டி கழிமுகம் விரியும். வங்கக் கடலோரத்தில் நடந்த ஒரு போரின் சுவடு வடகடலோரக் குன்றில் நிற்பதைப் பார்க்கும் தமிழர், கோபமோ வியப்போ இல்லாமல் இறங்கிவர மாட்டார்.

உல்லாபூலிலிருந்து கார்க்கப்பலில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே. இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலான காலின் மெக்கன்சி பிறந்த ஊர். அவர் திரட்டிய தமிழ், தெலுங்கு, கன்னடச் சுவடிகளில் ஒரு பகுதி சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. தமிழக வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் அவற்றுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். அந்தத் தீவிலேயே, சுமார் 5,000 ஆண்டு பழமையான காலனிஷ் நடுகற்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துத் திட்டமிடுவது நல்லது. ஓய்வுநாளைக் கண்டிப்பாகக் காக்கும் ஊர் அது. ஞாயிறு கப்பலே 2009-இல்தான் ஓடத் தொடங்கியது.

எந்த மாதம் என்பதும் திட்டத்தின் பகுதிதான். ஜூனில் இன்வெர்னஸில் 18 மணி நேரம் வெளிச்சம். டிசம்பரில் ஏழு மணி நேரம்கூடத் தேறாது. ஜூலை, ஆகஸ்டில் மேற்குக் கரையெங்கும் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி கூட்டம் கூட்டமாகக் கடிக்கும். மே மாதம் பொதுவாக நல்ல தேர்வு. நம் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். செலவுக் கணக்குக்கும் தேதி முக்கியம்: எடின்பரோவில் தங்குவோருக்கு 2026 ஜூலை 24 முதல் அறை வாடகையில் 5 விழுக்காடு வருகையாளர் வரி உண்டு.

பயண நிறுவனத்துக்கு முதல் கடிதம் எழுதும்போது இடங்களின் பட்டியலை அனுப்பாதீர்கள். வீட்டில் யாருக்கு எதில் ஆசை, யாருக்கு முழங்கால் வலி, சைவம் மட்டும் சாப்பிடுபவர் யார், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் காரில் உட்கார முடியும் என்பதை எழுதுங்கள். தீவுகளுக்குப் போகும் கார்க்கப்பல்களில் கோடைக்கால இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பொங்கலுக்கு முன்பே எழுதிவிடுங்கள்.