பென் டிரைவைப் பிடுங்கினால் தடம் போய்விடுமா?

ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ பத்து நிமிட வேலை என்றால், அதற்காக அந்தக் கணினியில் எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது, கடைக்காரரும் விடமாட்டார். அங்கேதான் போர்ட்டபிள் மென்பொருள் கைகொடுக்கிறது. பென் டிரைவில் ஒரு ஃபோல்டராகக் கிடக்கும். செருகி, இரண்டு முறை கிளிக் செய்தால் ஓடும். 2004இல் ஜான் ஹாலர் என்பவர் ஃபயர்பாக்ஸ் பிரவுசரை இப்படிப் பென் டிரைவிலிருந்தே ஓடும்படி மாற்றி வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த போர்ட்டபிள்ஆப்ஸ் தளத்தில் இன்று நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வசதி பெரியது, மறுப்பதற்கில்லை. அந்த வசதியோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘தடமே இருக்காது’ என்ற நம்பிக்கைதான் தவறு. நன்றாக எழுதப்பட்ட போர்ட்டபிள் மென்பொருள் தன் செட்டிங்கையும் ஹிஸ்டரியையும் பென் டிரைவிலேயே வைத்துக்கொள்ளும். அதன் பங்கு அவ்வளவுதான். கணினியில் என்ன நடந்தது என்று குறித்துவைப்பது விண்டோஸ். அதன் கையைப் பென் டிரைவில் இருக்கும் எந்த மென்பொருளாலும் கட்டிப்போட முடியாது.

விண்டோஸ் இதை உளவு பார்ப்பதற்காகச் செய்வதில்லை, வேகத்துக்காகவும் வசதிக்காகவும் செய்கிறது. ஒரு நிரல் அடுத்த முறை சீக்கிரம் திறக்கட்டும் என்று, அதன் பெயரிலேயே ஒரு சிறு கோப்பைப் ப்ரீஃபெட்ச் என்ற ஃபோல்டரில் எழுதிவைக்கிறது. விண்டோஸ் 10இல் அந்த நிரல் எத்தனை முறை ஓடியது, கடைசி எட்டு முறை எப்போது ஓடியது என்பது வரை அதில் இருக்கும். ரெஜிஸ்ட்ரியில் யூசர்அசிஸ்ட் என்றொரு பகுதி உண்டு. நாம் கிளிக் செய்து திறந்த நிரல்களின் பெயர்கள் அங்கே ஒவ்வோர் ஆங்கில எழுத்தும் 13 இடம் தள்ளி எழுதப்பட்டிருக்கும். ‘ஏ’ வரவேண்டிய இடத்தில் ‘என்’ இருக்கும். பள்ளிப் பிள்ளைகள்கூட விடுவிக்கக்கூடிய மறைப்பு இது. செருகிய பென் டிரைவின் கம்பெனி, மாடல், சீரியல் எண் மூன்றும் ரெஜிஸ்ட்ரியில் வேறோர் இடத்தில் பதிவாகின்றன. முதன்முதலாகச் செருகிய நேரம் ஒரு லாக் கோப்பில் ஏறிவிடுகிறது. பென் டிரைவிலிருந்து ஒரு சம்பளச் சீட்டைத் திறந்து பார்த்தால், அந்தக் கோப்பின் பெயர் ‘ரீசென்ட்’ பட்டியலில் உட்கார்ந்துகொள்ளும். பென் டிரைவ் நம் சட்டைப் பையில் இருக்கும், பெயர் மட்டும் அங்கேயே இருக்கும். ரேம் போதாதபோது நினைவகத்தில் இருப்பதன் ஒரு பகுதியை ஹார்டு டிஸ்க்கில் இறக்கிவைப்பதும் விண்டோஸின் வழக்கம். திறந்த ஆவணத்தின் துண்டுகள் அப்படியும் தங்கலாம்.

இதையெல்லாம் தோண்டிப் பார்க்கத் தடயவியல் நிபுணர் வேண்டுமே, நம்மை யார் தேடப்போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாதாரண ஆளுக்கு யூசர்அசிஸ்ட்டால் ஆபத்து வருவது அபூர்வம்தான். அவருக்கு வரும் ஆபத்து அதைவிட எளிமையானது. அடுத்து வந்து உட்காருபவர் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தாலே போதும், முந்தியவரின் ஆதார் பிடிஎஃப் அங்கே கிடக்கும். இன்னொன்றும் உண்டு. 2011இல் மத்திய அரசு கொண்டுவந்த சைபர் கஃபே விதிகளின்படி, வருபவரின் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பார்த்த இணையதளங்களின் விவரத்தைக் குறைந்தது ஓராண்டு சேமித்துவைக்க வேண்டும். ஒவ்வொரு கடையும் அதை ஒழுங்காகச் செய்கிறதா என்பது வேறு விஷயம். செய்கிற கடையில், எந்தப் பிரவுசரிலிருந்து போனாலும் போன இடம் பதிவாகும். அலுவலக நெட்வொர்க்கிலும் இதே கதைதான்.

இன்காக்னிட்டோவும் ஒரு கிளீனர் மென்பொருளும் சேர்ந்தால் சரியாகிவிடாதா? பாதிதான் சரியாகும். இன்காக்னிட்டோ பிரவுசரின் ஹிஸ்டரியைத்தான் மறக்கும், விண்டோஸ் எழுதியதைத் தொடாது. ப்ரீஃபெட்ச் போன்றவற்றை அழிக்க அட்மின் உரிமை வேண்டும். கடைக் கணினியில் நமக்கு அது கிடைக்காது, கிடைத்தாலும் பிறர் கணினியில் கைவைப்பது முறையல்ல. ‘தடத்தை அழிக்க நினைப்பவன் திருடன்தானே’ என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. வங்கிக் கணக்கும் மருத்துவ அறிக்கையும் யாருக்கும் மறைக்கத் தக்கவைதான். என் கவலை வேறு. தடத்தையே நினைத்துக்கொண்டிருப்பவர் திருட்டைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். அந்தக் கணினியில் கீலாக்கர் இருந்தால், நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் வேலை நடக்கும்போதே போய்விடும். பிறகு எதை அழித்து என்ன பயன்? பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரு போர்ட்டபிள் பாஸ்வேர்டு மேனேஜரில் போட்டு, அதைக் கடைக் கணினியில் திறப்பதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம். ஒரு பாஸ்வேர்டு போனால் கொத்துச்சாவியே போனதுபோல.

ஆபத்து எதிர்த்திசையிலும் வரும். 2008இல் வெளிப்பட்ட கான்ஃபிக்கர் வைரஸ், பென் டிரைவைச் செருகியதும் தானே ஓடும் ஆட்டோரன் வசதியையும் பயன்படுத்திப் பரவியது. 2011இல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் பென் டிரைவுக்கு அந்த வசதியை நிறுத்தியது. ஆனால் 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட, ஈரானின் அணுசக்தி நிலையத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட்டுக்கு ஆட்டோரன்கூடத் தேவைப்படவில்லை. பென் டிரைவின் ஃபோல்டரைத் திறந்து ஐகான் தெரிந்தாலே போதுமானதாக இருந்தது. ஊரார் கணினியில் செருகிய பென் டிரைவை அப்படியே வீட்டுக் கணினியில் செருகக்கூடாது என்பது இதனால்தான்.

உண்மையிலேயே தடம் வேண்டாம் என்றால் விண்டோஸே ஓடக்கூடாது. டெய்ல்ஸ் என்ற லினக்ஸ் அதற்காகவே உருவானது. கணினியைப் பென் டிரைவிலிருந்தே பூட் செய்து, எல்லா வேலையையும் ரேமில் நடத்தி, நிறுத்தும்போது ரேமைத் துடைத்துவிடும். ஹார்டு டிஸ்க்கைத் தொடாது. செய்தியாளர்கள் பலரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பிரவுசிங் சென்டரில் இதற்கு இடம் தரமாட்டார்கள், கீபோர்டு ஒயரில் செருகப்பட்ட கீலாக்கரை இதனாலும் தடுக்க முடியாது.

ஆகவே போர்ட்டபிள் மென்பொருளை நம் செட்டிங்கோடு கையில் எடுத்துப் போகும் வசதி என்று மட்டும் நினைத்துப் பயன்படுத்துங்கள். தயாரித்தவரின் தளத்திலிருந்தோ போர்ட்டபிள்ஆப்ஸ் போன்ற தெரிந்த இடத்திலிருந்தோ மட்டும் இறக்குங்கள். ‘கிராக்’ செய்த போர்ட்டபிள் பதிப்பு என்று வருவதைத் தொடவே வேண்டாம். போர்ட்டபிள் மென்பொருள்கள் தாமாக அப்டேட் ஆவது குறைவு என்பதால், பழைய பிரவுசரோடு அலையாமல் அவ்வப்போது புதுப்பியுங்கள். வங்கி வேலையைச் சொந்த போனில், சொந்த டேட்டாவில் முடியுங்கள். கடையில் பிரிண்ட் எடுக்க மட்டும் என்றால், அந்த ஒரு பிடிஎஃப் தவிர வேறெதுவும் இல்லாத தனி பென் டிரைவ் போதும். கோப்பின் பெயரில் உங்கள் பெயரோ எண்ணோ இருக்க வேண்டாம். வேறு வழியின்றி எங்காவது லாகின் செய்திருந்தால், வீடு திரும்பியதும் சொந்த போனிலிருந்து எல்லாச் சாதனங்களிலும் லாக் அவுட் செய்து, அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.