சுண்டலா, பஜ்ஜியா?

ஞாயிறு காலை ஆறு மணி. பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச், ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்து மணல். டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்குப் பன்னிரண்டு பேர் ரெடி. ஆனால் ஆட்டம் தொடங்க அரை மணி ஆகும். டீம் பிரிக்கிற தகராறு!

"எத்தனை விதமாத்தான் பிரிக்கிறது? எல்லாம் பாத்தாச்சு சார்!" என்று அலுத்துக்கொண்டார் பாங்க் நண்பர்.

நான் பி.காம். ஆசாமி. விடுவேனா? 12-லிருந்து 7 வரை பெருக்கினேன். அதே ஆறு பேர் எந்த வரிசையில் வந்தாலும் ஒரே டீம்தான் என்பதால் 720-ஆல் வகுத்தேன். 924 வழிகள்! (1150-லேயே பாஸ்கராச்சாரியார் 'லீலாவதி'யில் அறுசுவையைக் கலக்க 63 வழி என்று கணக்குப் போட்டாயிற்று.)

"தப்பு அங்கிள்" என்றான் ப்ளஸ் டூ பையன். "ஆறு பேரை எடுத்தா, மிச்ச ஆறு பேர் தானா அடுத்த டீம். ஒரே பிரிவை ரெண்டு தடவை எண்ணிட்டீங்க. பாதி போடுங்க."

462. வாரத்துக்கு ஒன்று என்றாலும் ஏறக்குறைய ஒன்பது வருஷம்! கணக்கு இடித்ததைவிட அந்த 'அங்கிள்'தான் வலித்தது.

இரண்டு காப்டன்கள் எதிரெதிரே நின்றால், மீதி பத்துப் பேரில் ஐவரை எடுக்க 252 வழி. காப்டன்கள் வேறு வேறு ஆள், அதனால் இங்கே பாதி போட வேண்டாம். ஆனால் மாறி மாறி ஆளெடுக்கும்போது கடைசியாக மிஞ்சுவது வாராவாரம் நான்தான். "சரி, அவரையும் நீயே வெச்சுக்க" என்பார்கள், என் காதுபடவே.

கிராமத்துப் பிள்ளைகள் இதற்கு நல்ல வழி வைத்திருந்தார்கள். உத்தி பிரிப்பது! சம பலமுள்ள இருவர் தோளில் கைபோட்டு ஒதுங்கிப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வந்து, "உப்பு வேணுமா, புளி வேணுமா?" என்பார்கள். கேட்ட பெயர்க்காரன் கேட்டவர் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். ஐந்து ஜோடி, ஜோடிக்கு இரண்டு வழி. ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32-தான். மற்ற 220-லும் ஏதாவது ஒரு ஜோடி ஒரே டீமுக்குப் போய்விடும். அவை தகராறோடு ஒழிந்தன. மிஞ்சிப்போன ஆள் என்று யாரும் கிடையாது. பதின்மூன்றாவதாக ஒருவர் வந்தால் மட்டும் ஒப்புக்குச் சப்பாணி!

போன வாரம் பேசிப் பார்த்தேன். ஒப்புக்கொண்டார்கள். எனக்குச் சம பலம் யார் என்று பார்த்தால்... அந்த ப்ளஸ் டூ பையன். அவனுக்கும் பேட்டிங் வராதாம்!

இரண்டாவது ஜோடியாகப் போய் நின்றோம்.

"சுண்டலா, பஜ்ஜியா?"

காப்டன் ரொம்ப யோசித்தார். "பஜ்ஜி."

நான்தான் பஜ்ஜி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். மூன்றாவது பந்தில் அவுட்.