திரையில் ஓடும் பந்தயம் எத்தனை நாள்?

பந்தயம் என்றதும் மனித மனம் துள்ளுவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்களில் வளர்ந்தவர்கள், பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டிக்கொண்டே தெருக்கோடி வரை ஓடிய பந்தயத்தையும், நுங்கு தின்றபின் எஞ்சிய காய்களைச் சக்கரமாக்கி உருட்டிய வண்டியையும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆட்டங்களுக்கெல்லாம் ஒரு பருவம் இருந்தது. நுங்குக் காலம் முடிந்ததும் நுங்கு வண்டியும் போய்விடும். பம்பரம் வரும், கோலி வரும், காற்றாடி வரும். ஒன்று வந்ததும் மற்றொன்று தானாகவே விடைபெற்றுக்கொள்ளும். பம்பரத்தைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டிய நிலை தாய்மார்களுக்குப் பெரும்பாலும் நேர்ந்ததில்லை.

இன்று அதே ஊர்களில் பந்தயம் கைப்பேசித் திரைக்குள் குடிபுகுந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டில் கொரோனா தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கென்று வாங்கப்பட்ட கைப்பேசிகள் பல. வெளிநாட்டில் உழைக்கும் தந்தையின் முகத்தைக் காண்பதற்கென்று வாங்கப்பட்டவை வேறு பல. அவற்றின் வழியே நம் வீட்டுச் சிறுவன், திண்ணையில் அமர்ந்தபடியே, முன்பின் அறியாத நாட்டினரோடு கார்ப் பந்தயம் ஓடுகிறான். "இந்த மோகம் எத்தனை நாளைக்கு?" என்று பெற்றோர் கேட்கின்றனர். சிலர் கவலையோடு கேட்கின்றனர். சிலர் சலிப்போடு கேட்கின்றனர். எப்படிக் கேட்டாலும் கேள்வி நல்ல கேள்வியே. ஏனெனில், ஒரு விளையாட்டு எதனால் ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை அறிந்தால்தான், அவரை அதனிடமிருந்து மீட்க வேண்டுமா, வேண்டுமாயின் எவ்வாறு மீட்பது என்பதும் விளங்கும்.

வேகம் பழகிப்போகும்

பந்தய விளையாட்டின் முதற்கவர்ச்சி வேகம். ஆனால், வேகத்தைப்போல விரைவில் பழகிப்போவது வேறொன்றுமில்லை. திரையில் விரியும் சாலை எத்துணை அழகியதாயினும் அதன் வளைவுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. எந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எங்கே மீண்டும் முடுக்க வேண்டும் என்பதெல்லாம் சில நாட்களில் விரல்களுக்கே மனப்பாடமாகிவிடும். கதையுள்ள விளையாட்டில் அடுத்து என்ன நேருமோ என்ற ஆவல் இருக்கும். பந்தயத்திலோ கதை இல்லை. முதலில் வருவதும் பின்தங்குவதும் மட்டுமே உண்டு.

ஹங்கேரிய வழிவந்த உளவியலறிஞர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, மனிதர் தம்மை மறந்து ஒரு செயலில் ஈடுபடும் நிலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். செய்பவரின் திறமையும் செயலின் கடுமையும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போதே அந்த ஈடுபாடு பிறக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. செயல் மிக எளிதாயின் சலிப்பு உண்டாகும். மிகக் கடினமாயின் கலக்கம் உண்டாகும். பந்தயச் சாலை பழகப்பழக எளிதாகிவிடுவதால், சாலை மட்டுமே துணையாக இருந்தால் சலிப்பு வந்தே தீரும்.

ஆயின், சலிப்பைத் தள்ளிப்போடுவது எது? எதிரே ஓடும் மனிதர்தாம். சதுரங்கப் பலகையில் 64 கட்டங்களே உள்ளன. பல நூற்றாண்டுகளாக அவை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆயினும் அந்த ஆட்டம் சலிக்கவில்லை. பலகை மாறாவிட்டாலும் எதிராளி மாறுகிறார் அல்லவா? இணையவழிப் பந்தயத்தின் உயிரும் அங்கேதான் இருக்கிறது.

ஆட்டக்காரர் குறைந்தால்...

இதனை உணர்ந்த நிறுவனங்கள், ஆட்டக்காரர்களின் திறமையை எண்ணால் மதிப்பிட்டு, ஏறத்தாழச் சமமானவர்களை ஒரே பந்தயத்தில் சேர்க்கின்றன. சதுரங்க வீரர்களுக்கென அர்ப்பாட் ஈலோ என்பார் வகுத்த புள்ளி முறையே இதற்கு முன்னோடி. சில கைப்பேசி விளையாட்டுகளில், வேறொருவர் முன்னர் ஓடிய ஓட்டத்தைப் பதிவு செய்து, அதனையே நிழல்போல நமக்கு எதிரே ஓடவிடுவதும் உண்டு.

சமமான எதிராளி கிடைக்க வேண்டுமானால் ஆட்டக்காரர் பலர் இருத்தல் வேண்டும். அதுவும் அருகிலேயே இருத்தல் வேண்டும். காரணம் இதுதான். பெரம்பலூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். ஒளியிழையில் செய்தி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். நேர்வழியில் சென்றாலும் போய்த் திரும்ப வினாடியில் நூறில் மூன்று பங்கு ஆகும். நடைமுறையில் சுற்றுவழியும் இடைநிற்றலும் சேர்ந்து, அது வினாடியில் பத்தில் ஒரு பங்காகவும் நீளக்கூடும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அந்த இமைப்பொழுதில் 5 மீட்டர் கடந்துவிடும். அஃதாவது ஒரு காரின் நீளத்திற்கும் மேல்! எதிராளியின் கார் இந்நேரம் எங்கே இருக்கும் என்று கணினி ஊகித்தே நமக்குக் காட்டுகிறது. ஊகம் பிழைத்தால், மோதாத கார் மோதியதாகத் தோன்றும். வென்றவன் தோற்றதாகத் தோன்றும்.

ஆகவே, ஆட்டக்காரர் குறையத் தொடங்கினால் விளையாட்டின் சரிவு ஒரு சங்கிலிபோல் தொடர்கிறது. சமமானவர் கிடைக்கக் காத்திருக்க நேரிடும். காத்திருக்கப் பொறுக்காதவர் விலகுவர். எஞ்சி நிற்பவர் தேர்ந்த கைகளே. புதிதாக வருபவன் அவர்களிடம் ஒவ்வொரு முறையும் கடைசியாக வந்து மனம் நொந்து போய்விடுவான். சந்தைக்கு ஆள் வராத ஊரில் கடைக்காரரும் கடை விரிக்கமாட்டார் அன்றோ?

வாழ்ந்தவையும் மறைந்தவையும்

உலகில் இவ்வகை விளையாட்டுகளின் ஆயுளை நோக்குவோம். தென்கொரியாவில் நெக்ஸான் நிறுவனம் 2004இல் தொடங்கிய 'கார்ட்ரைடர்', 2023 மார்ச் 31 வரை ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் அந்நாட்டில் நடைபெற்றது. விரைவை மட்டும் நம்பும் பந்தயத்தோடு, வழியில் கிடைக்கும் கருவிகளைக் கொண்டு பின்தங்கியவனும் முன்னேறக்கூடிய வேறொரு பந்தயமும் அதில் இருந்தது. கத்துக்குட்டியும் கைதேர்ந்தவனும் சேர்ந்து ஆட முடிந்தமை அதன் நீண்ட வாழ்வுக்கு உதவியது எனலாம்.

அமெரிக்காவின் 'ஐரேசிங்' 2008இல் தொடங்கி இன்றும் நடைபெறுகிறது. சந்தா கட்டி ஆடும் அந்த விளையாட்டில், பிறர் காரை இடிப்பவருக்குப் பாதுகாப்பு மதிப்பீடு குறையும். ஒழுங்காக ஓட்டுபவரே மேல்நிலைப் பந்தயங்களுக்கு ஏற முடியும். 2020இல் மெய்யான பந்தயங்கள் தடைபட்டபோது, புகழ்பெற்ற ஓட்டுநர்களே அதில் ஓட்டினர். தொலைக்காட்சியும் அதனை ஒளிபரப்பியது. பிரான்சு நாட்டில் 2003இல் பிறந்த 'டிராக்மேனியா' மற்றொரு வழியைக் கண்டது. அதில் பந்தயச் சாலையை ஆட்டக்காரர்களே அமைத்து ஒருவருக்கொருவர் வழங்கலாம். ஆகவே, அங்கே சாலைகளுக்குப் பஞ்சமே இல்லை.

மறுபுறத்தையும் காண்போம். 'நீட் ஃபார் ஸ்பீட் வேர்ல்ட்' 2010இல் தொடங்கி 2015இல் மூடப்பட்டது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' 2014 டிசம்பரில் வெளிவந்தது. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. சர்வரோடு இணைப்பின்றித் தனியாகவும் ஆட இயலாதபடி அது அமைக்கப்பட்டிருந்தமையால், காசு கொடுத்து வாங்கியோரின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. சர்வர் அமைப்பையும் உரிம வரம்புகளையும் நிறுவனம் காரணமாகக் கூறியது. பந்தய விளையாட்டில் வரும் கார்கள் மெய்யான நிறுவனங்களின் பெயரும் வடிவும் தாங்கியவை. அவற்றைக் காட்டும் உரிமைக்கும் காலவரம்பு உண்டு என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். இத்தகைய மூடல்களை எதிர்த்து ஐரோப்பாவில் எழுந்த குடிமக்கள் விண்ணப்பத்தில், 2025 ஜூலையில் கையொப்பங்கள் 10 லட்சத்தைக் கடந்தன.

இவற்றிலிருந்து ஒரு கணக்கு புலனாகிறது. இஃது ஆய்வுக்கூடத்தில் அளந்த கணக்கன்று. விளையாட்டின் அமைப்பிலிருந்தே எழும் கணக்கு. ஒரு சாலையின் புதுமை சில நாட்கள். நம் திறமை வளர்கிறது என்ற மகிழ்ச்சி சில மாதங்கள். நண்பர்களின் கூட்டு பல ஆண்டுகள். ஆனால், இவை அனைத்திற்கும் மேலே, சர்வரை நடத்தும் நிறுவனம் விரும்பும் நாள் வரை மட்டுமே. அந்த ஊரில் நாமெல்லோரும் வாடகைக் குடியினரே.

ஆர்வம் வேறு, பிடி வேறு

இயல்பாக எழும் ஆர்வம் இயல்பாகவே அடங்கும். அடங்கவிடாமல் இழுத்துப் பிடிப்பதற்கும் வழிகள் உள. நாள்தோறும் தவறாமல் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் இழப்பு, குறித்த சில வாரங்களுக்குள் மட்டுமே கிடைக்கும் புதிய கார், காசு கொடுத்தால் விரைவில் மேல்நிலை என்பன அவற்றுள் சில. இவற்றில் மயங்கிய சிறுவன், விரும்பி ஆடுவதை விட்டு, விட முடியாமல் ஆடுகிறான். அவன் தந்தையின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கொடுத்து வாங்கிய கார், விளையாட்டு மூடப்படும் நாளில் அதனோடு மறைந்துபோகும்.

விளையாட்டு நோயாக மாறுவதும் உண்டு என்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ளது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப்பட்டியலில் இதற்கு மூன்று அடையாளங்கள் கூறப்பட்டுள்ளன. ஆடும் நேரத்தைக் கட்டுப்படுத்த இயலாமை. மற்றெல்லாக் கடமைகளுக்கும் மேலாக விளையாட்டை வைத்தல். தீங்கு நேர்ந்தும் விடாது தொடர்தல். இந்நிலை வழக்கமாக ஓராண்டேனும் நீடித்து, படிப்பையும் குடும்ப உறவையும் கெடுத்தால் மட்டுமே நோய் எனப்படும். விடுமுறையில் ஒரு வாரம் மூழ்கிக் கிடக்கும் மகனை உடனே நோயாளி என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், உறக்கம் கெட்டு, உணவு மறந்து, பொய்யும் களவும் தலைகாட்டினால் மருத்துவரை நாடத் தயங்கலாகாது.

பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் வேறு இனம். அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. போட்டி முறையில் ஆடப்படும் மின்விளையாட்டுகளை அச்சட்டம் ஏற்கிறது. இவ்விரண்டின் வேறுபாட்டைப் பெற்றோர் அறிந்து, பிள்ளைகளுக்கும் தெளிவாக எடுத்துரைப்பது நன்று.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, "எத்தனை மணி நேரம் ஆடினாய்?" என்று கேட்பதற்கு முன், "யாரோடு ஆடினாய்?" என்று கேட்போம். ஊர் நண்பர் நால்வரோடு கூடி ஆடுபவனுக்கும், நள்ளிரவில் முகமறியா அயலாரோடு தனித்து ஆடுபவனுக்கும் வேறுபாடு மிகப் பெரிது. முன்னவன் நாடுவது நட்பு. பின்னவனிடம் நாம் காண்பது தனிமையாகவும் இருக்கலாம். தனிமையை உணர்பவனிடமிருந்து கைப்பேசியைப் பறித்தால், அவனுக்கு இருந்த ஒரே கூட்டத்தையும் பறித்தவர்களாவோம். அதற்கு ஈடாக வேறொரு கூட்டத்தைக் கொடுத்த பிறகே பறிப்பது முறை. பங்கு இளைஞர்கள் மாலையில் கூடும் பந்தாட்டமோ, மறைக்கல்வி வகுப்பிற்குப் பின் நடத்தும் சிறு போட்டியோ அத்தகைய கூட்டமாகலாம்.

இரண்டாவதாக, அந்த ஆர்வத்தின் வேரை மெய்யான உலகில் ஊன்றச் செய்வோம். பெரம்பலூர் மாவட்டத்து நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எப். டயர்த் தொழிற்சாலை இயங்குகிறது. நம் மோட்டார் பந்தயங்களில் நெடுங்காலமாக ஈடுபட்டுவரும் நிறுவனம் அது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் உள்ளது. 2005இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவையைச் சேர்ந்தவர். மழையில் டயர் ஏன் வழுக்குகிறது, வளைவில் கார் ஏன் வெளிப்புறம் தள்ளப்படுகிறது என்று மகன் கேட்கத் தொடங்கிவிட்டால், விளையாட்டு மறைந்தாலும் அறிவு மறையாது. தொழிற்பயிற்சி நிலையத்தின் பணிமனை வரை அவனை அழைத்துச் செல்லும் பாதை அதுவே.

மூன்றாவதாக, ஓர் எச்சரிக்கை. திரையில் கவிழ்ந்த கார் மறுநொடியே எழுந்து ஓடும். திருச்சி - சென்னை நெடுஞ்சாலையிலும், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாது செல்லும் அரியலூர்ச் சாலைகளிலும் அந்தச் சலுகை இல்லை. 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். சட்டத்திற்கு அஞ்சியன்று, பிள்ளையின் உயிருக்கு அஞ்சியே வண்டிச் சாவியைக் காப்போமாக.

திரையில் ஓடும் பந்தயம் எத்தனை நாள் என்ற கேள்விக்கு விடை, உடன் ஓடுவோர் உள்ளவரை என்பதே. நம் பிள்ளைகளை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்வது பெரும்பாலும் அந்தக் காரன்று. தன்னைத் தேடி, தன்னோடு போட்டியிட்டு, தன் வெற்றியைக் கண்டு வியக்க ஒருவர் இருக்கிறார் என்ற நிறைவே. அந்த நிறைவை அவர்கள் வீட்டு முற்றத்திலும் பெறுமாறு செய்வது பெற்றோராகிய நம் கையில் இருக்கிறது. ஒரு நாள் மாலை, மகனின் அருகில் அமர்ந்து, "எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடு" என்று கேட்டுப் பார்ப்போம். நாம் கடைசியாகத்தான் வருவோம். அதனால் நமக்கு இழப்பொன்றுமில்லை.