ஏட்டில் மட்டும் இருந்த சரக்கு

அமெரிக்கப் பிரமுகர்களைப் பற்றிய புத்தகம் ஒன்று உண்டு. நாட்டில் பெயர் பெற்றவர்களின் படிப்பு, பட்டம், பதவி எல்லாம் அதில் அச்சாகும். டாக்டர் எப். டொனால்டு காஸ்டர் என்பவரின் பெயரும் அதில் இருந்தது. ஜெர்மனியில் ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றவர், மெக்கெஸ்ஸன் அண்டு ராபின்ஸ் என்ற பெரிய மருந்துக் கம்பெனியின் தலைவர் என்று அதில் கண்டிருந்தது.

கம்பெனித் தலைவர் என்பது மட்டும்தான் உண்மை. படிப்பு பொய், பட்டம் பொய், பெயரே பொய்!

1938-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் இந்தப் பொய் வெடித்தபோது நியூயார்க் பங்கு மார்க்கெட் திடுக்கிட்டது. இன்று ஒரு கம்பெனியின் ஆடிட்டர் வருஷ முடிவில் கிடங்குக்கே போய், மூட்டைகளை எண்ணுவதை நின்று பார்க்கிறார் என்றால், அந்த வழக்கம் விதியாக மாறுவதற்குப் பெருங்காரணம் இந்த ஒரு மனிதன் செய்த மோசடிதான்.

பாலாடைக்கட்டியும் தலைமயிரும்

அவனுடைய உண்மைப் பெயர் பிலிப் மூசிக்கா. இத்தாலியிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய குடும்பம். தகப்பனாரும் மகனும் பாலாடைக்கட்டி முதலிய உணவுப் பண்டங்களை இறக்குமதி செய்து விற்றார்கள். சுங்க அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்து, வந்த சரக்கின் எடையைக் குறைத்துக் காட்டினார்கள். 1909-ல் அகப்பட்டுக் கொண்டார்கள். பிலிப் சிறைக்குப் போனான். சில மாதங்களில் ஜனாதிபதி டாப்டின் மன்னிப்புக் கிடைத்து வெளியே வந்தான்.

அடுத்த வியாபாரம் தலைமயிர்! அந்தக் காலத்துப் பெண்களின் கொண்டைக்கு வைக்கும் மயிருக்கு நல்ல விலை இருந்தது. பெட்டி பெட்டியாக உயர்ந்த ரக மயிர் இருப்பதாகக் காட்டி, பல பாங்குகளில் பிலிப் கடன் வாங்கினான். 1913-ல் பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது, உள்ளே இருந்தது ஒன்றுக்கும் உதவாத கழிவு மயிர். குடும்பத்தோடு கப்பலேறித் தப்ப முயன்றவனை நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் பிடித்தார்கள்.

இந்த இரண்டு மோசடிகளும் அவனுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தன. சரக்கு என்று ஒன்று இருந்தால், அதை என்றாவது ஒருநாள் யாராவது நிறுத்துப் பார்ப்பார்கள். பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். சரக்கே இல்லாவிட்டால்?

மதுவிலக்கு தந்த வாழ்வு

1920-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. மருந்து முதலியவை செய்பவர்களுக்குச் சாராயம் வாங்க அனுமதி இருந்தது. மூசிக்கா பெயரை மாற்றிக் கொண்டு, தலைக்குத் தடவும் தைலம் செய்யும் கம்பெனி ஒன்றை நடத்தினான். தைலம் என்ற பெயரில் வாங்கிய சாராயம் கள்ளச் சந்தைக்குப் போயிற்று. பணம் குவிந்தது.

1926-ல் அந்தப் பணத்தைக் கொண்டு மெக்கெஸ்ஸன் அண்டு ராபின்ஸ் கம்பெனியை வாங்கினான். 1833-ல் தொடங்கப்பட்ட, நல்ல பெயருள்ள கம்பெனி அது. நாடெங்கும் உள்ள மொத்த மருந்து வியாபாரிகளை அதோடு இணைத்துப் பெரிதாக்கினான். பங்குகள் நியூயார்க் மார்க்கெட்டில் விலை போயின. தன் சகோதரர்கள் மூவரையும் வேறு வேறு பெயர்களில் காரியங்களுக்கு அமர்த்தினான். ஒருவன் பணம் பார்க்கும் இடத்தில்; ஒருவன் சரக்கு அனுப்பும் இடத்தில்; ஒருவன் வெளியே. நால்வரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது கம்பெனியில் யாருக்கும் தெரியாது.

கனடாவில் இருந்த கிடங்குகள்

கம்பெனியின் பெரும்பகுதி வியாபாரம் உண்மையானது. பொய் ஒரே ஒரு பிரிவில் இருந்தது. அது மருந்துக்கு வேண்டிய கச்சாச் சரக்குகளை வெளிநாடுகளில் வாங்கி விற்கும் பிரிவு.

ஏட்டின்படி நடந்தது இதுதான்: கனடாவில் ஐந்து வியாபாரிகளிடம் சரக்கு வாங்கப்படும். அது அவர்கள் கிடங்குகளிலேயே கம்பெனியின் கணக்கில் இருக்கும். டபிள்யூ. டபிள்யூ. ஸ்மித் கம்பெனி என்ற தரகர்கள் அதைப் பல நாடுகளுக்கு விற்பார்கள். மாண்ட்ரீல் நகரத்து மானிங் கம்பெனி என்ற பாங்குக்காரர்கள் பணம் வாங்குவதும் கொடுப்பதுமாக இருப்பார்கள்.

உண்மையில் சரக்கும் இல்லை, விற்பனையும் இல்லை. அந்த ஐந்து வியாபாரிகள், தரகர்கள், பாங்குக்காரர்கள் எல்லாம் வெறும் பெயர்கள் அல்லது வெறும் முகமூடிகள். 'தரகர்' வேலையைப் பார்த்தவன் வெளியே இருந்த சகோதரன்தான். ரசீது, ஆர்டர், கடிதம் எல்லாம் அச்சடித்த தாள்களில் ஒழுங்காக வந்து கொண்டிருந்தன.

1937-ஆம் வருஷக் கணக்கில் கம்பெனியின் சொத்து சுமார் 8 கோடியே 70 லட்சம் டாலர் என்று காட்டியிருந்தார்கள். அதில் சுமார் 1 கோடியே 90 லட்சம் டாலர் பொய். இல்லாத சரக்கு 1 கோடி. வராத கடன் 90 லட்சம்.

ஆடிட்டர் ஏன் பார்க்கவில்லை?

கணக்கைப் பரிசோதித்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற, உலகப் புகழ் பெற்ற ஆடிட்டர்கள். வருஷா வருஷம் ஏடுகளைப் புரட்டினார்கள், கூட்டிப் பார்த்தார்கள், சரக்கு இருப்பதாக வந்த எழுத்து மூலமான சான்றுகளை வாங்கிக் கொண்டார்கள். எல்லாம் ஒத்து வந்தது. பொய்யை எழுதியவன் ஒருவனே என்றால், பொய்க்கும் பொய்க்கும் ஒத்து வராமல் என்ன செய்யும்?

கனடாவுக்கு ஒருவரும் போகவில்லை. போக வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. 1896-ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பஞ்சாலை வழக்கில், மானேஜர் சரக்கிருப்பைக் கூட்டிக் காட்டியதற்கு ஆடிட்டர்கள் பொறுப்பில்லை என்று தீர்ப்பாயிற்று. ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்பம் பிடிக்கும் வேட்டை நாய் அல்ல என்றார் நீதிபதி லோப்ஸ். அந்த வாக்கு நெடுங்காலம் ஆடிட்டர்களுக்குக் கவசமாக இருந்தது.

அமெரிக்காவில் 1929-ல் பங்கு மார்க்கெட் சரிந்து லட்சக்கணக்கானவர்கள் பணம் இழந்த பிறகு, 1933-லும் 1934-லும் புதுச் சட்டங்கள் வந்தன. பங்கு மார்க்கெட் கமிஷன் அமைந்தது. கம்பெனிகள் பரிசோதனை செய்த கணக்கைக் கமிஷனிடம் கொடுக்க வேண்டும் என்றாயிற்று. ஆனால் பரிசோதனை என்றால் என்ன, எதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டும் என்பது பழைய வழக்கப்படியே இருந்தது. காஸ்டர் நுழைந்தது அந்த இடைவெளியில்தான்.

பொக்கிஷதாரரின் சந்தேகம்

குட்டை உடைத்தவர் ஆடிட்டரும் அல்ல, கமிஷனும் அல்ல. கம்பெனியின் பொக்கிஷதாரர் ஜூலியன் தாம்ஸன்.

கச்சாச் சரக்குப் பிரிவு லாபத்துக்கு மேல் லாபம் காட்டிக் கொண்டிருந்தது. ஆனால் அந்த லாபம் ரொக்கமாகக் கைக்கு வரவே இல்லை. மேலும் மேலும் சரக்காகவே மாறிக் கொண்டிருந்தது. பணம் தேவைப்பட்ட சமயத்தில் சரக்கைக் குறைக்கச் சொன்னால் இருப்பு குறையவில்லை. தாம்ஸனுக்கு இது உறுத்தியது.

ஸ்மித் கம்பெனி யார் என்று விசாரிக்கத் தொடங்கினார். அதன் யோக்கியதையைப் பற்றி, டன் அண்டு பிராட்ஸ்டிரீட் என்ற புகழ் பெற்ற விசாரணை ஸ்தாபனம் கொடுத்ததாக அறிக்கைகள் கோப்பில் இருந்தன. தாம்ஸன் அவற்றை அந்த ஸ்தாபனத்திடமே கொண்டு போய்க் காட்டினார். தாங்கள் அப்படி ஓர் அறிக்கை கொடுக்கவே இல்லை என்று பதில் வந்தது!

பத்து வருஷத்துக்கு மேல் நின்ற கோட்டையை ஒரு கேள்வி சாய்த்து விட்டது. கேள்வி மிகப் பெரியதல்ல. எழுதியவர் என்று யாரைச் சொன்னார்களோ, அவரையே நேரில் கேட்டதுதான் விசேஷம்.

கைரேகை காட்டிக் கொடுத்தது

டிசம்பர் முதல் வாரத்தில் பங்கு வியாபாரம் நிறுத்தப்பட்டது. காஸ்டரைக் கைது செய்து ஜாமீனில் விட்டார்கள். எடுத்த கைரேகையைப் பழைய ஏடுகளோடு ஒப்பிட்டபோது, கனவான் காஸ்டர் பழைய கைதி மூசிக்காவாக மாறினார். டிசம்பர் 16-ந் தேதி, அதிகாரிகள் மறுபடியும் வீட்டுக்கு வந்தபோது மூசிக்கா துப்பாக்கியால் சுட்டுக் கொண்டு இறந்தான். சகோதரர்கள் மூவரும் சிறைக்குப் போனார்கள்.

இல்லாத வியாபாரத்தின் பெயரால் கம்பெனியிலிருந்து வெளியேறித் திரும்பாத பணம் 28 லட்சம் டாலருக்கு மேல். ஆடிட்டர்கள் தாங்கள் வாங்கியிருந்த கட்டணத்தில் 5 லட்சத்து 22 ஆயிரம் டாலருக்கு மேல் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பாராத பயிரும் கேளாத கடனும்

1939 ஜனவரியில் கமிஷன் விசாரணை தொடங்கியது. கணக்குத் துறையில் தேர்ந்த பன்னிரண்டு பேரை அழைத்து, ஆடிட்டின் வழக்கம் என்ன என்று சாட்சியம் கேட்டது. ஆடிட்டர்கள் அன்றைய வழக்கத்தின் பெரும்பகுதியை அனுசரித்தார்கள். ஆனால் வேண்டிய விழிப்பும் கேள்வி கேட்கும் மனமும் இல்லை என்பது 1940-ல் வந்த அறிக்கையின் சாரம்.

அறிக்கை வருவதற்கு முன்பே, 1939-ல், அமெரிக்க ஆடிட்டர்கள் சங்கம் இரண்டு விதிகளை ஏற்றுக் கொண்டது. ஒன்று, சரக்கு எண்ணப்படும் இடத்துக்கு ஆடிட்டர் நேரில் போக வேண்டும். இரண்டு, கடன் பாக்கி வைத்திருப்பவருக்கு ஆடிட்டரே நேராக எழுதிக் கேட்க வேண்டும். 'பாராத பயிரும் கேளாத கடனும் பாழ்' என்று நம் கிராமத்துப் பெரியவர்கள் சொல்லி வந்ததும் இதே இரண்டைத்தான்.

கமிஷன் இன்னொன்றும் சொன்னது. ஆடிட்டரை யார் தேர்ந்தெடுப்பது? யாருடைய கணக்கைப் பார்க்க வேண்டுமோ அவரே தேர்ந்தெடுத்தால், கேள்வி எப்படி எழும்? கம்பெனியில் உத்தியோகம் வகிக்காத டைரக்டர்களின் குழு ஆடிட்டரின் பெயரைச் சொல்ல வேண்டும், பங்குதாரர்கள் நியமிக்க வேண்டும் என்று யோசனை கூறியது. இன்று பட்டியலிலுள்ள கம்பெனிகளில் 'ஆடிட் கமிட்டி' என்று இருக்கிறதே, அதன் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

மறுபடியும் அதே கதை

விதி வந்ததும் மோசடி ஒழிந்ததா? இல்லை. சரக்கு போய் ரொக்கம் வந்தது, அவ்வளவுதான்.

2009 ஜனவரி 7-ந் தேதி ஹைதராபாத் சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய பாங்கு இருப்பில் 5,040 கோடி ரூபாய் கிடையாது என்று கடிதம் எழுதினார். பாங்கு டெபாசிட் ரசீதுகள் போலி. அதன் பங்குகள் நியூயார்க்கிலும் விலை போனதால் அமெரிக்கக் கமிஷனும் விசாரித்தது. பாங்குகளிடம் இருப்பை உறுதி செய்து கொள்ளும் கடிதப் போக்குவரத்தை ஆடிட்டர்கள் தங்கள் கையில் வைத்திருக்கவில்லை என்று 2011-ல் கண்டது. அவர்கள் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் குழுவைச் சேர்ந்த இந்திய ஸ்தாபனங்கள். குற்றத்தை ஒப்புக் கொள்ளாமலும் மறுக்காமலும் அவர்கள் அபராதம் கட்டினார்கள்.

பிறகு இந்தியாவிலும் சட்டம் இறுகியது. 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி, பட்டியலிலுள்ள கம்பெனிக்கு ஓர் ஆடிட் ஸ்தாபனம் தொடர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2018-ல் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையம், தவறிய ஆடிட்டர்களைத் தொழிலிலிருந்து விலக்கி வைக்கவும் அதிகாரம் பெற்றது. பங்கு மார்க்கெட்டைச் செபி கண்காணிக்கிறது.

பங்குதாரர் கேட்க வேண்டியது

மெக்கெஸ்ஸன் கம்பெனி அழிந்து போகவில்லை. உண்மையான வியாபாரம் உயிரோடு இருந்ததால், 1941-ல் சீரமைக்கப்பட்டு எழுந்தது. இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய மருந்து விநியோகக் கம்பெனிகளில் அது ஒன்று.

பங்கு வாங்கும் சாதாரண மனிதர் கனடாவுக்குப் போய்க் கிடங்கைத் திறந்து பார்க்க முடியாது. அவருக்காகப் பார்ப்பதற்குத்தான் ஆடிட்டர். ஆடிட்டர் பார்த்தாரா என்று பார்ப்பதற்குத்தான் ஆணையம். ஆனால் தாம்ஸனுக்கு முதல் சந்தேகத்தைக் கொடுத்த விஷயம் இன்று பட்டியலிலுள்ள ஒவ்வொரு கம்பெனியின் வருஷ அறிக்கையிலும் அச்சாகிறது. லாபம் என்ற பக்கத்தைப் பார்த்த பிறகு, ரொக்க வரவு செலவு என்ற பக்கத்தையும் புரட்ட வேண்டும். லாபம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியும் ரொக்கம் வரவில்லை என்றால், பொதுக்கூட்டத்தில் எழுந்து, 'பணம் எங்கே?' என்று கேட்கப் பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் உரிமை உண்டு.