மோட்டார் காரின் பாட்டரி: கையாளும் முறையும் காரணமும்

தில்லி போன்ற வடபுலத்து நகரங்களில் வாழும் நம்மவர்க்கு மார்கழி விடியற்காலையின் குளிர் புதியதன்று. குழந்தைகள் பள்ளிக்குப் புறப்பட்டு நிற்க, அலுவலகத்திற்கும் நேரமாகிவிட, வண்டியோ 'டக், டக்' என்று ஒலித்து ஓய்ந்துவிடும். முன்விளக்கும் மங்கி எரியுமாயின், பாட்டரி சோர்ந்துவிட்டதென அறியலாம். விடுமுறைக்கு ஒரு மாதம் ஊருக்குச் சென்று திரும்புவோரும் இவ்விடரை அறிவர். வண்டி சும்மா நின்றாலும், அதிலுள்ள கடிகாரமும் திருட்டு அலாரமும் சிறிது மின்சாரத்தை ஓயாமல் உண்டுகொண்டே இருக்கின்றன.

வெயில் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. குளிர் அதன் வலிமையைக் குறைக்கிறது. ஆகவே வைகாசியில் விளைந்த கேடு பெரும்பாலும் மார்கழியில்தான் வெளிப்படும். நாலு பேர் கூடித் 'தக்கா' கொடுத்தால் கிளம்பும் வண்டிகள் இன்றும் உண்டு; ஆயினும் தானியங்கிக் கியர் வண்டிகள் தள்ளுதலுக்கு இசையா. எனவே வேறொரு வண்டியின் பாட்டரியிலிருந்து மின்சாரத்தைக் கடன் வாங்குவது வழக்கமாயிற்று. அக்கடனை வாங்குவதற்கும் முறை உண்டு.

அபாயம் எங்கே?

பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே 1859-இல் ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு அமைத்த மின்கலமே இன்றைய கார் பாட்டரியின் மூதாதை. அதன் 12 வோல்ட் மின்சாரம் ஆளைத் தாக்குவதில்லை என்பதால் பலர் அச்சமின்றிக் கை வைக்கின்றனர். அபாயம் வேறிடத்தில் உள்ளது. மின்னேற்றத்தின்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே அது ஒரு சிறு பொறியில் பற்றக்கூடும். பாட்டரி வெடித்தால் அமிலம் முகத்திலும் கண்ணிலும் தெறிக்கும். ஆகவே பொறி பாட்டரியின் அருகே எழலாகாது. கீழே கூறும் வரிசை முழுவதும் இதன் பொருட்டே அமைந்தது.

கடன் வாங்கும் முறை

இரு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். இரண்டும் 12 வோல்ட் பாட்டரி கொண்டவையா எனப் பார்த்து, எஞ்சினையும் விளக்குகளையும் அணைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுக. பாட்டரி விரிசல் கண்டிருந்தாலும், உப்பியிருந்தாலும், மலைநாட்டுக் குளிரில் உறைந்திருந்தாலும் இம்முயற்சியே வேண்டா.

சிவப்புக் கம்பியின் ஒரு முனையைச் சோர்ந்த பாட்டரியின் நேர்முனையிலும், மறுமுனையை நல்ல பாட்டரியின் நேர்முனையிலும் பூட்டுக. பின்னர்க் கறுப்புக் கம்பியை நல்ல பாட்டரியின் எதிர்முனையில் பூட்டுக. எஞ்சிய கறுப்பு முனையைச் சோர்ந்த பாட்டரியில் பூட்டலாகாது. அதற்கு எட்ட, எஞ்சினின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் பூட்டுக. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். அது வாயு உள்ள இடத்தை விட்டு விலகிப் பறக்கட்டும் என்பதே காரணம். நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, மற்றதைக் கிளப்புக. கம்பிகளைக் கழற்றும்போது வரிசை தலைகீழாகும். மின்சாரக் கார்களுக்கும் ஹைப்ரிட் வண்டிகளுக்கும் அவற்றின் கையேடே வழிகாட்டி.

மாற்றும் முறை

பாட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும். கடன் வாங்கியும் அடிக்கடி சோருமாயின், கடையில் சோதித்து மாற்றிவிடுவதே சிக்கனம். இங்கும் வரிசையே முக்கியம். கழற்றும்போது எதிர்முனை முதலில். பூட்டும்போது எதிர்முனை கடைசியில். இன்றைய கார்களின் உலோக உடல் முழுவதும் எதிர்முனையோடு பிணைந்துள்ளது. அப்பிணைப்பை அறுக்காமல் நேர்முனையில் ஸ்பானரை வைத்து, அது தவறி உடலில் பட்டால் பெரும்பொறி எழும். ஸ்பானரும் பழுக்கக் காயும். இதனாலேயே மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றை முன்னரே கழற்றி வைத்தல் வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்கு உறையும் அவசியம். அமிலம் கண்ணில் பட்டுவிட்டால், தாமதமின்றித் தூய நீரால் 15 நிமிடமேனும் கழுவி, மருத்துவரிடம் விரைக.

பழைய பாட்டரியை மொட்டை மாடியில் போட்டு வைப்பதும், தெருவில் வரும் கபாடிக்காரரிடம் கொடுப்பதும் தகாதன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு விளைக்கும் நஞ்சு. 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தியுள்ளன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையிலும் பொதுவாகத் தள்ளுபடி கிட்டும்.

உற்றார் தொலைவில் இருக்க, அவசரத்திற்கு அண்டை வீட்டாரையே நம்பி வாழும் நாம், உதவி பெறுவதும் செய்வதும் அன்றாட நிகழ்ச்சி. கம்பியோடு ஓடி வருபவர் நல்லெண்ணத்தோடு வருகிறார். கறுப்பு முனை எங்கே சேர வேண்டும் என்பதை அவருக்கும் எடுத்துரைப்போமாக. வண்டி ஓட்டும் சகோதரிகளும், புதிதாக ஓட்டக் கற்கும் பிள்ளைகளும் இவ்வரிசையை அறிந்திருத்தல் நலம்.