முத்தோரைச் சரிவில் 92 சென்டிமீட்டர் அலை

ஊட்டியை அடுத்த முத்தோரையில் ஒரு மலைச்சரிவு வடக்கு தெற்காகப் படுத்திருக்கிறது. சாய்வு சுமார் 11 பாகை. ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அந்தச் சரிவில் ஒரு அச்சைக் கிடத்தினால் பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடும். ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு தேடிப் பிடித்த இந்த இடத்தில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970இல் இயங்கத் தொடங்கியது. இதில் கண்ணாடி கிடையாது. 24 சட்டங்களின் மேல் நெடுக இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள்தான் ஆடி. மலைக்காற்று இடையே புகுந்து போய்விடும். ரேடியோ அலை பட்டுத் திரும்பும்.

தொலைதூர ரேடியோ மூலங்களை நிலா மறைக்கும் கணத்தில் அளக்கத்தான் இதைக் கட்டினார்கள். ஆனால் இது கேட்கும் 326.5 மெகாஹெர்ட்ஸில், அதாவது 92 சென்டிமீட்டர் அலைநீளத்தில், இன்னொரு புதையலும் இருக்கிறது.

ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானின் தற்சுழற்சி புரளும்போது 21 சென்டிமீட்டர் அலை ஒன்று வெளிப்படும். ஓர் அணுவுக்கு இது நேர ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அணுக்களோ எண்ணி மாளாதவை. பிரபஞ்சம் விரிய விரிய அலையும் நீள்கிறது. முத்தோரைக்கு 92 சென்டிமீட்டராக வரும் அலை, சுமார் 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அதிர்வெண் சற்றே மாறினால் தொலைவும் மாறும். வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகுவதுபோலத் திருகியே பிரபஞ்சத்தின் ஆழத்தை அளக்கலாம் என்பது எனக்கு இன்றும் தீராத வியப்பு.

அவ்வளவு தொலைவில் தனித்தனி விண்மீன் மண்டலங்கள் பிடிபடா. தேர்த்திருவிழாவை ஊருக்கு வெளியே நின்று கேட்டால் யார் குரலும் புரியாது. கூட்டம் எந்தத் தெருவில் நெருக்கியடிக்கிறது என்பது தெரிந்துவிடும். அப்படித்தான் ஹைட்ரஜனின் மொத்த ஒளிர்வை வைத்து, பொருள் எங்கே திரண்டது, எங்கே வெற்றிடம் விழுந்தது என்று வரைபடம் போட முடியும்.

இடைஞ்சல், நம் பால்வீதியின் இரைச்சல். அது பல ஆயிரம் மடங்கு வலியது. ஆனால் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊதும் ஒத்தைப்போல, அதிர்வெண் மாறினாலும் சீராகவே ஓடுவது. ஹைட்ரஜன் குறிகையோ மேடும் பள்ளமுமாகத் துடிக்கும். சீரானதைக் கழித்தால் துடிப்பு மிஞ்ச வேண்டும். சொல்ல எளிது, கருவியின் சிறு பிசகும் துடிப்பாகவே தோன்றும்.

இதற்காக, தொலைநோக்கியின் 1,056 இருமுனை ஆன்டெனாக்களை நான்கு நான்காகச் சேர்த்து 264 தனிக் காதுகளாக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. ஒரே வானத்துண்டை நூற்றுக்கணக்கான மணி நேரம் கேட்க வேண்டும். அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடப்பதால், கம்பிப் பரப்பை மெல்லத் திருப்பிக்கொண்டே ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் அந்தத் துண்டைத் தொடரலாம்.