இதயச் செயலிழப்பு: முதியோர் வீட்டில் கவனிக்க வேண்டியவை

இதயச் செயலிழப்பு என்றதும் இதயம் நின்றுவிடப் போகிறது எனப் பலர் அஞ்சுகின்றனர். உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இதயத்தால் செலுத்த இயலாத நிலையையே இச்சொல் குறிக்கிறது. இந்நிலையில் உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன. கால்களில் நீர் தேங்கினால் வீக்கமும், நுரையீரலில் தேங்கினால் மூச்சுத்திணறலும் உண்டாகும்.

மூச்சுத்திணறல் தோன்றுவதற்குச் சில நாள்கள் முன்னரே எடை கூடத் தொடங்கலாம். அப்போதே மருந்தைச் சரிசெய்தால், மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையைப் பல நேரங்களில் தவிர்க்கலாம்.

எடை பார்ப்பது எப்படி?

நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், ஒரே எடைக்கருவியில் எடை பாருங்கள். அதைத் தேதியுடன் நோட்டில் எழுதுங்கள். மூன்று நாள்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினால், வேறு தொல்லை இல்லாவிடினும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

உணவும் நீரும்

ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றில் உப்பு மிகுதி, இவற்றைத் தவிருங்கள். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள். பருகும் நீரின் அளவையும் அவரிடமே கேட்டறியுங்கள்.

மருந்துகள்

பயணத்தின்போது சிறுநீர் கழிக்க இடமிராது என எண்ணி நீர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உட்கொள்ளும் நேரத்தை மாற்றலாமா என முன்கூட்டியே கேளுங்கள். மூட்டுவலிக்காக டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைத் தாமாக வாங்கி உட்கொள்ளக் கூடாது. இவை நீர்த் தேக்கத்தை அதிகரிக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு அல்லது எழும்போது தலைச்சுற்றல் இருந்தால் அன்றே மருத்துவரை அணுகுங்கள்.

பராமரிப்போர் கவனத்திற்கு

வயதானால் கால் வீங்கத்தான் செய்யும் என்று பெரியவர்கள் சொல்லாமல் இருந்துவிடுவதுண்டு. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா எனப் பாருங்கள். படுக்கையில் தலையணையைக் கூட்டிக்கொள்கிறார்களா, இரவில் மூச்சுமுட்டி எழுந்து அமர்கிறார்களா என்றும் கவனியுங்கள். இவற்றில் எது புதிதாகத் தென்பட்டாலும் மருத்துவரிடம் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

ஓய்விலும் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், இளஞ்சிவப்பு நுரையுடன் சளி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனடியாக 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

ஒவ்வொரு முறை மருத்துவமனைக்கு வரும்போதும் எடை நோட்டையும், உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் உடன் கொண்டு வாருங்கள்.